சுவருக்கு அந்தப் பக்கம்



இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் கதையைப் பற்றி எழுதுவார்கள், விலைவாசியைப் பற்றி எழுதுவார்கள், அச்சுப்பிழையைச் சுட்டிக்காட்டித் திட்டுவார்கள். இந்த முறை ஒரு வாசகி தன் வீட்டுச் சுவரைப் பற்றி எழுதியிருந்தார். புனே மாவட்டம் சாகணிலிருந்து வந்த கடிதம். கணவருக்கு அங்கே வாகன ஆலையில் ஷிஃப்ட் வேலை. இவருக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றின் கணக்கு வேலை, வீட்டில் இருந்தபடியே.

"சார், நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சுவர் இரண்டடி கனம். வெயில் உள்ளே வராது, லாரிச் சத்தம் உள்ளே வராது, வைஃபையும் உள்ளே வராது. நடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துதான் மீட்டிங் பேசுகிறேன். தெருவில் வெங்காயம் விற்பவர் கூவினால் சென்னையில் கேட்கிறது. எட்டு ஆன்டெனா வைத்த ரௌட்டர் வாங்கலாம் என்கிறார் இவர். வாங்கலாமா?"

வாங்க வேண்டாம் என்று ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் அந்த மாதம் புனேயில் உறவில் ஒரு கல்யாணம் இருந்தது. கல்யாணம் முடிந்த கையோடு நாசிக் சாலையில் கோடத் கிராமத்து ரேடியோ தொலைநோக்கியைப் பார்க்கப் போவதாகவும் திட்டம். சாகண் அதே சாலையில் இருக்கிறது. வருகிறேன் என்று எழுதிவிட்டேன்.

சாகண் புனேயிலிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீட்டர். வெங்காயச் சந்தைக்குப் பெயர் போன ஊர். சந்தை இன்றும் நடக்கிறது. ஆனால் பஜாஜ், மஹிந்திரா, ஃபோக்ஸ்வாகன், மெர்சிடிஸ் பென்ஸ் என்று ஆலைகள் வரிசையாக வந்த பிறகு ஊரின் முகமே வேறு. தளேகாவ் சௌக்கில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால், வண்டி நகர்வதற்குள் ஒரு தலையங்கத்தை மனத்துக்குள் எழுதி முடித்துவிடலாம். ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், கோவைப் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இங்கே வேலைக்கு வந்திருக்கிறார்கள். டீக்கடையில் சற்று நேரம் நின்றால் தமிழ் காதில் விழும்.

இவர்களில் பெரும்பாலோர் புதிதாக எழும்பிய அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். நம் வாசகி குடும்பத்துக்குப் பழைய ஊருக்குள் ஒரு வாடாவின் பின்கட்டு வாடகைக்குக் கிடைத்திருக்கிறது. வாடா என்பது மராட்டிய நாட்டு முற்றம் வைத்த வீடு. நம் ஊர்ச் சுற்றுக்கட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. நடுவில் வானம் தெரியும் முற்றம், அதில் துளசி மாடம், நான்கு பக்கமும் மரத்தூண் தாழ்வாரம், அதற்குப் பின்னால் அறைகள். கீழ்ச்சுவர் முழுக்கக் கருங்கல். தக்காணத்துக் கருங்கல் நம் ஊர்க் கருங்கல் அல்ல. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு பரவி உறைந்த பசால்ட் பாறை. நம் கிரானைட்டைவிட அதில் இரும்பு அதிகம். அதை மண்ணும் சுண்ணாம்பும் சேர்த்து அடுக்கி இரண்டடிக்கு எழுப்பியிருக்கிறார்கள். சித்திரை வெயிலில் உள்ளே போனால் உடம்பு சில்லிடும். கட்டியவர்கள் வெயிலையும் திருடனையும் நினைத்துக் கட்டினார்கள். சென்னையிலிருந்து கணக்குக் கேட்பார்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்காரப் பாட்டியம்மா முன்கட்டில் இருக்கிறார். ஊரே அவரை ஆஜி என்கிறது. ஃபைபர் கேபிள் தெருப்பக்கம் வந்து, நடை வழியாக உள்ளே நுழைகிறது. மாட்ட வந்த பையன் ரௌட்டரை எங்கே வைத்தான் தெரியுமா? நடைச் சுவரில் விளக்கு வைக்கும் மாடக்குழியில். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்திருந்தது! மேலே கல், கீழே கல், பின்னால் கல், இரண்டு பக்கமும் கல். முன்பக்கம் மட்டும் திறப்பு, அதுவும் தெருவைப் பார்த்து. எதிர்வீட்டுத் திண்ணையில் சிக்னல் அமோகமாக இருந்திருக்கும்.

இது சாகணுக்கு மட்டுமான கதை அல்ல. நம் வீடுகளில் ரௌட்டர் எங்கே இருக்கிறது என்று எழுந்து போய்ப் பாருங்கள். டிவிக்குப் பின்னால், செருப்பு அலமாரிக்குள், பரண் மேல், பீரோ உச்சியில். கேபிள் எங்கே எட்டியதோ அங்கே அதன் விதி முடிந்துவிடுகிறது. ஏ.சி. வாங்கினால் எந்தச் சுவர், எந்த உயரம் என்று வீடே கூடிப் பேசுகிறோம். ரௌட்டருக்கு மட்டும் அந்த மரியாதை இல்லை.

சுவர் என்னதான் செய்கிறது? ரேடியோ அலை சுவரில் பட்டால் ஒரு பகுதி திரும்பி வருகிறது, ஒரு பகுதி சுவருக்குள்ளேயே சூடாகிச் சாகிறது, மிச்சம் அந்தப் பக்கம் போகிறது. எவ்வளவு மிச்சம் என்பதை டெசிபல் கணக்கில் சொல்வார்கள். 3 டெசிபல் குறைந்தால் பாதி போயிற்று. 10 குறைந்தால் பத்தில் ஒன்றுதான் மிச்சம். ஒரு சுவர் 20 டெசிபல் விழுங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் போவது நூற்றில் ஒன்று. அதே மாதிரி இன்னொரு சுவர் குறுக்கே வந்தால் பத்தாயிரத்தில் ஒன்று. கூட்டல் கணக்கு என்று நாம் நினைப்பது பெருக்கல் கணக்காகிவிடுகிறது. 'ஒரு ரூம் தள்ளித்தானே சார் இருக்கு' என்பதில் உள்ள ஏமாற்றம் இதுதான். அலை சுவரை நேராகத் துளைக்காமல் சாய்வாக நுழைந்தால், இரண்டடிச் சுவருக்குள் அது நடக்க வேண்டிய தூரம் இன்னும் கூடும். சுவர் ஈரமாக இருந்தால் நிலைமை மேலும் மோசம், தண்ணீர் இந்த அலைகளை நன்றாகக் குடிக்கும். மழைக்காலத்தில் ஓதம் ஏறிய பழைய சுவருக்குப் பின்னால் வைஃபை சுணங்குகிறது என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள்.

சுவரைத் தாண்டும் அலை நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1895-ல் கல்கத்தா டவுன்ஹாலில் ஜகதீஷ் சந்திர போஸ் பொதுமக்கள் முன்னால் ஒரு வேடிக்கை காட்டினார். ஓர் அறையிலிருந்து குறு அலைகளை அனுப்பி, 75 அடிக்கு அப்பால், சுவர்களைத் தாண்டிய அறையில் ஒரு மணியை அடிக்க வைத்தார், வெடிமருந்தை வெடிக்க வைத்தார். அலை போன வழியில் வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னரும் உட்கார்ந்திருந்தார். அது அவர் உடம்பையும் தாண்டிப் போனது. நம் ரௌட்டரால் பக்கத்து அறைக்கே போக முடியவில்லையே என்று கேட்கத் தோன்றும். மணி அடிக்க 'அடி' என்ற ஒரே செய்தி போய்ச் சேர்ந்தால் போதும். வீடியோ பேச்சுக்கு நொடிக்குப் பல லட்சம் துணுக்குச் செய்திகள் பிழையில்லாமல் போக வேண்டும், அதே நேரத்தில் திரும்பியும் வர வேண்டும். சுவரைத் தாண்டுவது வேறு, சிதறாமல் தாண்டுவது வேறு.

அந்தச் சிதறலைச் சமாளித்த கதைக்கு நான் போய்க்கொண்டிருந்த தொலைநோக்கியோடு ஒரு தூரத்து உறவு உண்டு. சாகணிலிருந்து அதே சாலையில் இன்னும் ஒரு மணி நேரம் போனால் நாராயண்காவ், அதன் பக்கத்தில் கோடத். அங்கும் சுற்றுவட்டாரத்திலுமாக 45 மீட்டர் குறுக்களவுள்ள 30 ராட்சதக் கிண்ணங்கள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. கட்டியவர் கோவிந்த் ஸ்வரூப். நம் ஊட்டியில், முத்தோரைச் சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறதே, 1970-ல் முடிந்தது, அதைக் கட்டியவரும் அவர்தான். இத்தகைய தொலைநோக்கிகளுக்கு வந்து சேரும் வானத்து அலை அத்தனை நலிந்தது. பல கோடி மைல்கள் கடந்து வந்த அலையை, பூமியில் நாம் எழுப்பும் ரேடியோ இரைச்சலிலிருந்து பிரித்தெடுப்பதே இவர்களுடைய பாதி வேலை.

இதே தொழிலில் இருந்த ஆஸ்திரேலியர் ஜான் ஓ'சல்லிவன். சிறிய கருந்துளைகள் வெடித்து மறையும் என்று ஸ்டீபன் ஹாக்கிங் 1974-ல் சொன்ன பிறகு, அந்த வெடிப்பின் ரேடியோ துடிப்பைத் தேடியவர்களில் இவரும் ஒருவர். அது கிடைக்கவில்லை. ஆனால் கலங்கிப்போன அலையைக் கணக்குப் போட்டுத் தெளிவாக்கும் பழக்கம் கைக்கு வந்தது. பிறகு சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்ற அந்நாட்டு அரசு ஆய்வு நிறுவனத்தில் அவரும் கூட்டாளிகளும் கம்பியில்லா வலையமைப்பில் இறங்கியபோது, எதிரே நின்ற சிக்கல் வீட்டுச் சுவர்தான். அறைக்குள் அனுப்பும் அலை சுவரில், பீரோவில், தரையில் பட்டு எதிரொலித்து, ஒரே செய்தி பல தடவை முன்னும் பின்னுமாக வந்து குழம்பியது. வேகமான ஒரே ஓட்டமாக அனுப்பாமல், பல மெதுவான ஓட்டங்களாகப் பிரித்து ஒரே நேரத்தில் அனுப்பி, மறுமுனையில் கணக்குப் போட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். 1996-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பின்னால் வழக்குகள் நடந்து நிறுவனங்களிடமிருந்து நாற்பது கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் வந்து சேர்ந்தது. ஆக, சுவரின் எதிரொலியைச் சமாளிக்க உங்கள் ரௌட்டருக்கு ஏற்கெனவே தெரியும். சுவர் விழுங்கியதைத் திருப்பி எடுக்கத்தான் எந்தக் கணக்கும் இல்லை.

இப்போது எட்டு ஆன்டெனா விஷயத்துக்கு வருவோம். கடையில் அதைப் பார்த்தால் நண்டு மல்லாந்து கிடப்பது போல இருக்கும். விலையும் கொட்டும். ஆனால் ரௌட்டர் எவ்வளவு பலமாக அலை வீசலாம் என்பதற்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. இந்தியாவில் 2005-ல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டபோதே, இவ்வளவு வாட்டுக்கு மேல் கூடாது என்று சேர்த்துத்தான் சொன்னார்கள். 2018-ல் 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பகுதியைத் திறந்தபோதும் அப்படித்தான். சரி, ரௌட்டர் வரம்பின் விளிம்பு வரை வீசுகிறது என்றே வையுங்கள். பதில் சொல்ல வேண்டியது உங்கள் கைபேசி. அதன் வைஃபை வீச்சு பெரும்பாலும் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இராது. ரௌட்டர் சொல்வது கைபேசிக்குக் கேட்கும், கைபேசி சொல்வது ரௌட்டருக்குக் கேட்காது. திரையில் நாலு கோடும் தெரியும், பக்கம் மட்டும் திறக்காது. பெரிய ரௌட்டர் வாங்கியவர்கள் அதிகம் புலம்புவது இதைத்தான். பெரிய வீட்டில் பலர் சேர்ந்து பயன்படுத்த நல்ல ரௌட்டர் உதவும், மறுக்கவில்லை. கல்சுவருக்கு அது மருந்தல்ல.

சாகண் ஊருக்குள் ஒரு கோட்டை இருக்கிறது. சங்கிராம்துர்க் என்று பெயர். மலைக்கோட்டை அல்ல, தரைக்கோட்டை. 1660-ல் முகலாயத் தளபதி ஷாயிஸ்தா கானின் பெரும்படை அதை முற்றுகையிட்டது. உள்ளே சிவாஜியின் தளபதி ஃபிரங்கோஜி நர்சாலா சிறு படையோடு ஐம்பது நாட்களுக்கு மேல் தாக்குப்பிடித்தார். கடைசியில் முகலாயர்கள் நிலத்தடியில் சுரங்கம் தோண்டி, ஒரு கொத்தளத்துக்கு அடியில் வெடிமருந்து வைத்துத் தகர்த்துத்தான் உள்ளே போனார்கள். வெளியே நின்று சுட்டதில் ஆகாதது, அடியில் போன வழியில் ஆயிற்று. நம் வாசகியின் கணவரிடம் இதைச் சொன்னேன். "அப்ப ஆஜி வீட்டுக்குக் குண்டு வைக்கணுமா சார்?" என்றார். வேண்டாம் தம்பி, ஒரு வயர் போதும் என்றேன்.

வயர்தான் என் கட்சி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் ஒரு பக்கம் சாய்ந்து எழுதுகிறேன் என்று யாரும் கடிதம் போட வேண்டாம்.

ஆனால் வயருக்கு முன்னால் செலவில்லாத சில காரியங்கள் உண்டு. கோளாறு வைஃபையிலா, வீட்டுக்குள் வரும் இணையத்திலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். லேப்டாப்பை லேன் கேபிளில் நேராக ரௌட்டரோடு இணைத்து வேகம் பாருங்கள். அங்கேயே நொண்டினால் குற்றம் சுவருடையது அல்ல, கம்பெனிக்காரரைக் கூப்பிடுங்கள். அங்கே நன்றாக ஓடினால், சிக்னல் அளவைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றைக் கைபேசியில் இறக்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்து பாருங்கள். எண்கள் மைனஸில் வரும். மைனஸ் 50 என்றால் அமோகம். மைனஸ் 67 வரை வீடியோ பேச்சு தடங்கலின்றி நடக்கும். மைனஸ் 80-ஐத் தாண்டிவிட்டால் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். எந்த அறையில் எந்த எண் என்று ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வையுங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால் கடைக்காரர் உங்களை ஏமாற்ற முடியாது.

அடுத்தது இடம். சாகண் வீட்டில் மாடக்குழியிலிருந்து ரௌட்டரை எடுத்து, முற்றத்தைப் பார்த்த தாழ்வாரத் தூணில் ஆள் உயரத்துக்கு மாட்டினோம். ஃபைபர் நீளம் போதவில்லை; கேபிள்காரப் பையனை வரவழைத்து நீளமான இழையாக மாற்றிக்கொண்டோம். அதை மடக்கி ஆணி அடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒடித்து வளைத்தால் உள்ளே போகும் ஒளி கசிந்துவிடும். மாட்டியவுடன் தாழ்வாரத்தைச் சுற்றிக் கதவு திறந்திருந்த அறைகளில் எல்லாம் எண் ஏறியது. அலை சுவரைத் துளைத்துப் போகவில்லை, முற்றத்தின் வெட்டவெளியில் பரவிக் கதவு, ஜன்னல் வழியாக உள்ளே போயிற்று. காற்றும் வெளிச்சமும் வர வேண்டும் என்று வைத்த முற்றம் இதற்கும் உதவுகிறது. தஞ்சாவூர்ப் பக்கத்து முற்றத்து வீட்டுக்காரர்களும் செட்டிநாட்டு வளவு வீட்டுக்காரர்களும் இதைச் செய்து பார்க்கலாம். செட்டிநாட்டு வாசகர்களுக்குக் கூடுதலாக ஒன்று: உங்கள் பெரிய பெல்ஜியம் கண்ணாடிகளின் பின்னால் பூசியிருக்கும் உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும். ரௌட்டரைக் கண்ணாடிக்குப் பின்பக்கமாக மாட்டிவிடாதீர்கள்.

இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், மீன்தொட்டி எல்லாமும் அலைக்குத் தடைதான். ஜன்னலில் அடித்திருக்கும் கம்பிக் கொசுவலையும் அப்படித்தான். அதன் ஓட்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டர், அலையின் நீளமோ 2.4 கிகாஹெர்ட்ஸில் பன்னிரண்டரை சென்டிமீட்டர். கொசுவோடு வைஃபையும் வெளியே நிற்கும். நைலான் வலை என்றால் கவலையில்லை. மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. அது சுழலும்போது பக்கத்தில் 2.4 வைஃபை திணறுவது இயல்பு.

ரௌட்டரில் இரண்டு பெயர்கள் தெரிந்தால், ஒன்று 2.4, மற்றது 5. முன்னது வேகம் குறைவு, சுவரைத் தாண்டுவதில் கொஞ்சம் தேவலை. பின்னது வேகம், ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். ரௌட்டர் இருக்கும் அறையில் 5, தள்ளியுள்ள அறையில் 2.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடியில் 2.4-ல் சேனலை 1, 6, 11 ஆகிய மூன்றில் கூட்டம் குறைந்த ஒன்றுக்கு மாற்றுங்கள். மற்ற எண்கள் ஒன்றோடொன்று உரசும்.

இவ்வளவுக்குப் பிறகும் பின்கட்டு அறையில் மைனஸ் 80-க்குக் கீழேதான். நம் வாசகி வேலை பார்க்க வேண்டிய அறையும் அதுதான். ரிப்பீட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள், பிளக்கில் செருகினால் போதும். அதை எல்லோரும் சிக்னல் வராத அறையில் கொண்டுபோய்ச் செருகுகிறார்கள். வராததை அது எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும்? பாதி வழியில், நல்ல சிக்னல் கிடைக்கும் கடைசி இடத்தில் செருக வேண்டும். அப்படிச் செருகினாலும், ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே கொடுக்கும் விலை குறைந்த வகையில் வேகம் பாதியாகிவிடும். மெஷ் என்று இரண்டு மூன்று பெட்டியாக வருவது அதைவிடக் கெட்டிக்காரத்தனமானது, விலையும் அப்படியே. ஆனால் வயர் இழுத்து இணைக்காவிட்டால் அந்தப் பெட்டிகளும் தங்களுக்குள் கம்பியில்லாமல்தான் பேசிக்கொள்கின்றன. நடுவில் இரண்டடிக் கருங்கல் இருந்தால் அவற்றுக்கும் அதே கதிதான். வீட்டு மின்கம்பி வழியாகவே இணையத்தை அனுப்பும் பெட்டிகளும் உண்டு. பழைய ஒயரிங், அறைக்கு ஒரு பேஸ், நடுவில் இன்வெர்ட்டர் என்றிருக்கும் நம் வீடுகளில் அதை நம்பிப் பணம் போடச் சொல்ல மாட்டேன்.

ஆகவே வயர். கேட் 6 என்ற லேன் கேபிள், நூறு மீட்டர் வரை சுணங்காமல் எடுத்துப் போகும். சுத்தமான செம்பாகக் கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது மலிவாகக் கிடைக்கும், வேண்டாம். மின்சார வயர் போகும் குழாயிலேயே இதையும் திணிக்காதீர்கள். பழைய டிஷ் கேபிள், லேண்ட்லைன் போன குழாய் சும்மா கிடந்தால் அதுவே போதும்.

ஆஜியிடம் கேட்டோம். சுவரில் துளை போடுவதற்கு அவர் சம்மதிக்கவில்லை. அவருடைய மாமனார் காலத்துச் சுவராம். நியாயம்தான், எனக்கும் மனம் வரவில்லை. எலக்ட்ரீஷியன் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கதவுக்கு மேலே மரச்சட்டம் போட்ட காற்றுத்துளையைக் காட்டினார். தாழ்வாரத்து உத்தரத்தை ஒட்டி வயரை இழுத்து, அந்தக் காற்றுத்துளை வழியாக உள்ளே இறக்கினார்கள். கல்லில் ஒரு கீறல் விழவில்லை. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். காலி செய்யும்போது வயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம்.

அறைக்குள் வந்த வயரின் முனையில் எதை மாட்டுவது? புதிதாக எதுவும் வாங்கவில்லை. பழைய ரௌட்டர் ஒன்று பரணில் கிடந்தது. உங்கள் வீட்டிலும் கிடக்கும். முதலில் அதைத் தனியாக லேப்டாப்போடு இணைத்து, அதன் அமைப்புப் பக்கத்தில் டி.ஹெச்.சி.பி. என்ற, சாதனங்களுக்கு முகவரி எண் வழங்கும் வசதியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் இரண்டு பேர் டோக்கன் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதன் ஐ.பி. முகவரியை முதல் ரௌட்டரின் வரிசையிலேயே, அதோடு மோதாத வேறு எண்ணாக மாற்றுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் முதல் ரௌட்டரில் உள்ளதே இருக்கட்டும், சேனலை மட்டும் வேறாக வையுங்கள். பிறகு வயரை அதன் லேன் துளைகளில் ஒன்றில் செருகுங்கள். வேன் (WAN) என்று எழுதிய துளையில் அல்ல. வீட்டுக்குள் நடந்து போகும்போது கைபேசி பெரும்பாலும் தானாகவே பலமான பக்கத்துக்குத் தாவிக்கொள்ளும். சாகணில் அன்று மாலை பின்கட்டு அறையின் எண் மைனஸ் 50-ஐத் தொட்டது. வாசகி ஸ்டூலை நடையிலிருந்து எடுத்துவிட்டார். ஆஜி தன் பேத்தியோடு வீடியோவில் பேசிப் பார்த்துவிட்டு, எங்களுக்கு வேர்க்கடலைச் சட்னியும் பாக்ரி ரொட்டியும் கொடுத்தார். செலவு என்று பார்த்தால் வயரும் எலக்ட்ரீஷியன் கூலியும்தான்.

மின்வெட்டுக்கும் ஒரு வார்த்தை. ரௌட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஆகும் மின்சாரம் மிகக் குறைவு. 12 வோல்ட் சிறிய யு.பி.எஸ். ஒன்று இரண்டையும் சில மணி நேரம் ஓட்டும். ஆனால் பின்கட்டில் இருக்கும் இரண்டாவது பெட்டிக்கும் ஒன்று வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

"எங்கள் வீடு பழைய வீடு இல்லையே, புது ஃபிளாட்" என்பவர்களுக்கு நல்ல செய்தி இல்லை. புனேயைச் சுற்றி இப்போது எழும் அடுக்குமாடிகள் பலவற்றில் செங்கல்லே கிடையாது. அலுமினிய அச்சு நிறுத்தி, உள்ளே கம்பி கட்டி, சுவர் முழுவதையும் கான்கிரீட்டாகவே வார்த்துவிடுகிறார்கள். கட்டுமான வட்டாரத்தில் மைவான் என்பார்கள். சென்னையிலும் இது வந்துவிட்டது. சுவரின் கனம் ஆறங்குலம்தான். ஆனால் கான்கிரீட்டும், அதில் தங்கியிருக்கும் ஈரமும், உள்ளே இருக்கும் கம்பி வலையும் சேர்ந்தால், ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைவிட அதிகமாக விழுங்கக்கூடும். கனமான சுவர்தான் வைஃபையைத் தடுக்கும் என்பது பாதி உண்மை. சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு. செங்கல் வீட்டிலும் தூணும் சுவரும் சேரும் இடத்தில் விரிசல் விடாமலிருக்கக் கோழிவலை வைத்துப் பூசுவார்கள், அந்த மூலையிலும் சிக்னல் நோஞ்சானாகத்தான் இருக்கும். இப்படிப்பட்ட ஃபிளாட்டில் பிறகு துளை போடுவது பெரும்பாடு. கான்கிரீட்டில் டிரில் லேசில் இறங்காது, சொசைட்டிக்காரர்களும் விட மாட்டார்கள்.

அதனால் இந்த மாதம் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ யாராவது வீடு கட்டிக்கொண்டிருந்தால், பூச்சு வேலை தொடங்குவதற்கு முன் இந்தப் பக்கத்தை அவர்களிடம் காட்டுங்கள். இணையம் நுழையும் இடத்திலிருந்து ஒவ்வொரு படுக்கையறைக்கும் ஒரு தனிக் குழாய், உள்ளே இழுக்க ஒரு கயிறு, முனையில் ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். வயரைக்கூட இப்போது வாங்க வேண்டியதில்லை. கொத்தனார் "எல்லாம் இப்ப வைஃபைதானுங்களே, எதுக்கு இது?" என்பார். கேட்டுக்கொள்ளுங்கள், குழாயை மட்டும் போடச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்